உன் அக்காவின் பதிலுக்கு முத்திரை வாங்கிய விவரம்

புதன்கிழமை, மாலை

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் மருந்துக்கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்து, இங்கே அனைவரும் சுகம் என்று எழுதவேண்டிய வரி. அதை இம்முறை காலியாக விடுகிறேன். பதில் தெரியாத கேள்விக்கு இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள் என்று முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். சொன்னதை ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டாமா?

இதைத் தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்துக்கு அந்த வசதி இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு நீ வார்டுக்கு வருவாய், வாசலிலேயே இதை உன் கையில் கொடுத்துவிடுவேன். அங்கே பெஞ்சு இருக்கிறது, உட்கார்ந்து படித்துவிட்டு உள்ளே போ. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அலுவலக அறையில் உனக்காக ஒரு படிவம் காத்திருக்கிறது. உன் அக்கா தன் வாயால் பதில் சொல்லும்வரை அதில் கையெழுத்துப் போடாதே.

தன் வாயால் என்று எழுதியது தவறு. அதைத்தான் இனி விளக்கப்போகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பழைய பாடத்தை ஓட்டிப்பார்க்காமல் புதுப் பாடம் தொடங்க எனக்கு வராது. அவள் படுத்துப் பதினொரு வாரம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, வலது கை போய்விட்டது. காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது, நாம் இருவரும் சண்டை போடுவது உட்பட. ஆனால் தலையாட்டலை நம்ப முடியவில்லை. நீ, "அக்கா, எங்க வீட்டுக்கு வந்துடுறியா?" என்று கேட்டாய், ஆட்டினாள். நான், "நம்ம வீட்டுக்குப் போயிடலாமா?" என்றேன், அதே ஆட்டல். வார்டின் ஆலோசகர் அம்மா நம் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நிலாவுக்குப் போறீங்களாம்மா?" என்றார். அதற்கும் ஆட்டினாள். அப்புறம் இரண்டு வீடுகளின் படம் ஒட்டிய அட்டை வந்தது. நீ அட்டையைப் பிடித்தால் அவள் விரல் உன் வீட்டில் விழுந்தது, நான் பிடித்தால் என் வீட்டில். "அத்தான், சாய்க்கிறீங்க!" என்று நீ கத்தினாய். "மொதல்ல சாய்ச்சது நீதான் தம்பி!" என்று நான் கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் திரையை இழுத்து மூடிக்கொண்டார். அன்றைக்கே ஆலோசகர் அம்மா விதியைச் சொல்லிவிட்டார். நோயாளி தானே தெளிவாகச் சொன்னால் அவர் சொல்லும் இடம். சொல்ல முடியாவிட்டால் எந்த வீடு ஏற்றதோ அந்த வீடு. உன் வீடு தரைத்தளம். என் வீடு இரண்டாம் மாடி, முப்பத்தெட்டுப் படி, மின்தூக்கி கிடையாது. சொல்லாவிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அந்தத் தெளிவான பதிலுக்கான கடைசி நாள்தான் நாளை.

என் மகள் மென்பொருள் எழுதுகிறவள், வேலை வேறு ஊரில். கடையில் விற்கும் பேசும் நிரல்கள் ஒன்றிலும் நம் மொழி இல்லை என்று பார்த்ததும், "நானே எழுதிடறேம்பா, ரெண்டு வாரம் போதும்" என்றாள். சொன்னபடி எழுதியும் விட்டாள். திரையில் பன்னிரண்டு பெட்டிகள். ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும், ஒளிரும்போது அந்தந்தச் சொல்லைச் சொல்லும். தண்ணீர், வலிக்கிறது, திருப்பிப் படுக்கவையுங்கள், என் வீடு, தம்பி வீடு, இப்படி. வேண்டிய பெட்டி ஒளிரும்போது உன் அக்கா இடது உள்ளங்கையால் தட்டு அளவுள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தச் சொல் நின்று, இன்னொரு முறை உரக்கக் கேட்கும். யாரும் அட்டை பிடிக்க வேண்டாம், யாரும் சாய்க்க முடியாது. குரல் மகளுடையது, அம்மா குரலுக்கு அதுதான் கிட்ட வரும். எழுதி முடிக்க இரண்டு வாரம். அதை வார்டிலிருக்கும் கணினி திறக்கச் சம்மதிக்க ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுதான் நீ போனமுறை கேட்டாய், கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

கணினி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நானும் நினைத்திருந்தேன். மகளிடம் இருப்பது ஒரு வகை, என் வீட்டில் இருப்பது இரண்டாவது வகை, வார்டில் இருப்பது மூன்றாவது வகை. ஒன்று தின்பதை இன்னொன்று தொடாது. மகள் கணினியில் அழகாகப் பேசிய நிரல் என் கணினியில் வந்ததும் ஊமையாகிவிட்டது. அவள் அதைச் சரிசெய்து, வார்டின் வகைக்கென்று தனியாக ஒன்று கட்டி அனுப்பினாள். வார்டில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் பூட்டியிருக்கிறது என்பதால் தாதிகள் அவரைப் பூட்டுக்காரர் என்கிறார்கள். அவர் நிரலைத் தட்டினார். யார் வெளியிட்டது என்று தெரியாததைத் திறக்கமாட்டேன் என்று திரை சொல்லிவிட்டது. "நான்தானப்பா கொண்டுவந்தேன், தினமும் பாக்குறியே என்னை" என்றேன். "உங்கள எனக்குத் தெரியும் சார், இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதே" என்றார். "நீ சொல்லக்கூடாதா அதுகிட்ட?" "நானே அதுகிட்ட கேட்டுத்தான் சார் உள்ள போறேன்."

உனக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். உன் கடைக்கு வரும் மருந்துப் புட்டியின் மூடியில் ஒரு வளையம் இருக்கிறதல்லவா? அது இரண்டு விஷயம் சொல்கிறது. செய்தவன் இன்னார், செய்தபின் வழியில் யாரும் திறக்கவில்லை. எனக்குப் பழக்கமான உதாரணம் வினாத்தாள் கட்டு. அரக்கு வைத்து வரும், இரண்டு சாட்சிகள் முன்னால்தான் உடைக்க வேண்டும். நிரலுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டாம். அதை வைக்க முதலில், நீ யார் என்று ஒரு சான்று அலுவலகத்தில் நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். மகள் வேலைசெய்யும் நிறுவனத்தில், ஊழியர் தன் பெயரில் எதையும் வெளியிடக்கூடாது என்று ஒப்பந்தம். ஆகவே வெளியிடுபவன் நான் என்று முடிவாயிற்று. வகுப்புக் கரும்பலகையைத் தவிர வேறெதையும் வெளியிட்டறியாதவன்.

விண்ணப்பத்தில் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்து மட்டும் போட்டேன், ஏற்கவில்லை. அந்த எழுத்து எதைக் குறிக்கிறதோ அதையே போடுவோம் என்று அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன். மூன்று நாள் கழித்துச் சான்று அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, அப்பாவின் பெயரைச் சொல்லி அவரோடு பேசவேண்டும் என்றார். எனக்குப் பொய் வராது என்பது உனக்குத் தெரியும், அதைப்பற்றியும் நாம் சண்டை போட்டிருக்கிறோம். "அவர் தவறி முப்பத்தொரு வருஷமாச்சேம்மா" என்றேன். "அடடா, ரொம்ப வருத்தம் சார்" என்று வைத்துவிட்டார். மறுநாள் மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பதாரர் காலமாகிவிட்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மகள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் தொலைபேசியில் கேட்டது. "அப்பா, ஒரே ஒரு தடவ தாத்தாவா இருந்திருக்கக் கூடாதா?" என்றாள்.

முதலிலிருந்து தொடங்கினோம். இந்தமுறை காணொளியில் முகத்தைக் காட்ட வேண்டும், அடையாள அட்டையைக் கன்னத்தருகே பிடிக்க வேண்டும். சான்று அலுவலகத்துப் பெண் ஒருவர் இடது பக்கம் திரும்பச் சொன்னார், திரும்பினேன். வலது பக்கம், திரும்பினேன். "முகம் பொருந்தல சார். அட்டையில லேசா சிரிக்கிறீங்க, அதே மாதிரி வைங்க" என்றார். மூன்றுமுறை முயன்றேன். மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "வலிக்குதா சார்?" என்றார். "அந்தப் படம் எடுத்து பன்னெண்டு வருஷமாச்சும்மா. அப்ப வீட்டுல பேச்சுச் சத்தம் இருந்தது" என்றேன். அவர் அட்டையிலிருந்த படத்தை இன்னொருமுறை பார்த்தார். பிறகு, "சரி சார், பொருந்துது" என்றார். இத்தனை அலுவலகங்களில் மனுஷி ஒருத்தி இருந்தாள் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பிறகு கட்டைவிரல் அளவில் ஒரு பொருள் தபாலில் வந்தது. முத்திரை அதற்குள் இருக்கிறதாம், வெளியே எடுக்க முடியாதாம். அதை என் கணினியில் செருகினால்தான் மகள் அங்கிருந்தபடியே முத்திரை வைக்க முடியும். கடவுச்சொல்லை எட்டுமுறை தவறாக அடித்தால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். ஏழுமுறை அடித்துவிட்டேன். "கைய எடுங்கப்பா! எடுத்துட்டீங்களா? பின்னாடி நகர்ந்து உக்காருங்க" என்றாள் மகள். சுவரோரம் போய் உட்கார்ந்தேன். அவள் அங்கிருந்தபடியே அடித்தாள், திறந்துகொண்டது. வார்டின் வகைக்கு முத்திரை மட்டும் போதாது. அந்தக் கணினியைச் செய்தவர்களுக்கே நிரலை அனுப்பி, நச்சு இல்லை என்று அவர்கள் ஒட்டும் சீட்டையும் வாங்க வேண்டும். வாங்கினோம். என் வீட்டு வகை முத்திரையைப் பார்த்தபிறகும், இந்த வெளியீட்டாளரின் நிரலை அதிகம்பேர் பயன்படுத்தியதில்லை, இன்னும் நற்பெயர் சேரவில்லை என்றது. எத்தனை பேர் பயன்படுத்த வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். "ஆயிரக்கணக்குல இருக்கணும்பா." "இதைப் பயன்படுத்தப்போறது உலகத்துலயே ஒருத்திதானேம்மா." "அது அதுக்குத் தெரியாதேப்பா."

இதுவரைக்கும் எல்லாம் மற்றவர்களின் குற்றம். இனி வருவதுதான் நான் உனக்கு எழுதத் தயங்கியது.

முந்தாநாள் திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. முத்திரை, சீட்டு, பூட்டுக்காரரின் சம்மதம், எல்லாம். செவ்வாய்க்கிழமை காலை உன் அக்கா பழகிப்பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. நிரலை ஒரு பென்டிரைவில் கொண்டுபோக வேண்டியது மட்டும்தான் என் வேலை. என் கணினி வேறு வகை என்பதால் அது அந்த நிரலைச் சாதாரணக் கோப்புறையாகக் காட்டியது. திறந்தால் உள்ளே பன்னிரண்டு ஒலித்துண்டுகள். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லதல்லவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். விடைத்தாள் திருத்துகிறவன் கை சும்மா இருக்காது. ஒன்பதாவது துண்டு, "போதும்." மகள் அதைப் பதிவுசெய்த அன்று என்ன கோபத்திலிருந்தாளோ, முகத்தில் கதவைச் சாத்தினாற்போல் இருந்தது. சோறு ஊட்டும் தாதியிடம் உன் அக்கா இப்படியா பேசுவாள்? அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆகவே நானே மெதுவாக, "போதும்மா, ரொம்ப நன்றி" என்று பேசிப் பதிவுசெய்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே பெயரில் வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கணினி முன்னால் நிறுத்தினார்கள். தலைவாரி, நல்ல புடவை கட்டிவிட்டிருந்தார்கள். பொத்தானின்மேல் கையை வைத்தோம். ஆலோசகர் அம்மா குறிப்பேட்டோடு நின்றார். பூட்டுக்காரர் நிரலைத் திறந்தார். ஏதோ எழுத்து வந்தது. திரையில் எழுத்து வந்தால் உரக்கப் படிப்பது என் பிறவிக்குணம். கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரலில் படித்தேன்: "சேதமடைந்துவிட்டது. இனித் திறக்க முடியாது. குப்பையில் போட்டுவிடவும்."

உன் அக்கா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஐயோ, உன்னச் சொல்லலம்மா, இதச் சொல்லுது, இந்த நிரலச் சொல்லுது" என்று கணினியைத் தட்டித்தட்டிக் காட்டினேன். அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், உள்ள எதையாவது தொட்டீங்களா?" என்றார் பூட்டுக்காரர். எனக்குப் பொய் வராது என்று மேலே எழுதினேன். வந்தது. "இல்லையே" என்றேன்.

மகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பா, முப்பத்தஞ்சு வருஷம் பரீட்சை நடத்தினீங்களே. ஒரு கட்டையாவது முன்கூட்டிப் பிரிச்சிருக்கீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அதுல ஒரு கேள்வி சரியில்லன்னு தோணியிருந்தா?" அப்பவும் பிரிச்சிருக்க மாட்டேன் என்றேன். "அம்மா பேசுறத மட்டும் ஏம்ப்பா பிரிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கிவிட்டாள். அவள் பக்கத்திலிருந்த மூலப் பன்னிரண்டையும் எடுத்து, மறுபடி கட்டி, மறுபடி முத்திரை வைத்து, மறுபடி சீட்டு வாங்கி, இன்று மதியம் நேராகப் பூட்டுக்காரருக்கே அனுப்பிவிட்டாள். நடுவில் நான் இல்லை.

இரண்டு நாளாக யோசித்துப்பார்க்கிறேன், தம்பி. நான் அந்தக் கணினியை ஏழு வாரம் திட்டியிருக்கிறேன். ஆனால் அவள் சொல்லவேண்டியதை வழியில் ஒருவன் மாற்றியிருக்கிறான் என்று கண்டுபிடித்தது அது ஒன்றுதான். விருந்தாளி வந்தால் அவளுக்கும் சேர்த்து நானே பதில் சொல்வேன். மருத்துவரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று நானே சொல்வேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தொரு வருடம் யாரும் எந்தப் பிழையும் காட்டவில்லை. உன்னையும் சேர்த்துத்தான்.

இருந்தாலும் நாளை அவள் என்ன சொல்வாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்கும் எனக்கும் உள்ள பழக்கம் கணினிக்கு மட்டுமல்ல, உனக்கும் தெரியாது. குளியலறையில் கைப்பிடி பொருத்திவிட்டேன். கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தி, அவள் இடது கை வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டிருக்கிறேன். மரச்சாமான் கடையில் சுமை தூக்கும் இரண்டு பேர், சொன்னால் வந்து நாற்காலியோடு அவளை மாடிக்குத் தூக்கிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இறக்குவதற்கு? என்று நீ கேட்பாய். எதற்கு இறக்க வேண்டும்? ஆகவே, அந்தப் படிவத்தை அப்படியே விட்டுவிடு. அவள் சொல்லட்டும், நீயும் கேட்டுவிட்டுப் போ. அதற்கப்புறம் நாம் இருவரும் தொலைபேசியில் ஐந்தாவது நிமிடத்துக்கும் போய்ப் பார்க்கலாம்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரட்டும். கடை நன்றாக நடக்கட்டும், ஆனால் ஊரில் யாருக்கும் நோய் வராமல் நடக்கட்டும். எப்படி என்று கடவுளே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பி.கு.

வியாழன், பதினொன்றே முக்கால். வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைக்குச் சரக்கு வந்துவிட்டது, மதியம்தான் வரமுடியும் என்று நீ சேதி அனுப்பியதால் இந்தக் கடிதம் இன்னும் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கிழித்துப்போடலாமா என்று பார்த்தேன். மனம் வரவில்லை.

நிரல் திறந்தது. ஒரு எச்சரிக்கை, ஒரு முனகல் இல்லை. பூட்டுக்காரர் என்னைப் பார்க்காமலேயே, "இந்தத் தடவ யாரும் தொடல சார்" என்றார். ஆலோசகர் அம்மா, "நீங்க எங்க இருக்க விரும்புறீங்கம்மா?" என்று கேட்டார். பன்னிரண்டில் நான்கு பெட்டிகள் மட்டும் வைத்திருந்தார்கள். என் வீடு, தம்பி வீடு, இங்கேயே, தெரியாது. 'என் வீடு' ஒளிர்ந்து, சொல்லி, அணைந்தது. அவள் கை நகரவில்லை. 'தம்பி வீடு' ஒளிர்ந்தது. அழுத்தினாள்.

கை தாமதமாக வருகிறது, ஒரு பெட்டி தள்ளி விழுந்துவிட்டது என்றேன். ஆலோசகர் அம்மா பெட்டிகளின் வரிசையை மாற்றி மறுபடி கேட்டார். அதே பதில். பொத்தானில் ஏதோ கோளாறு என்றேன். பூட்டுக்காரர் பொத்தானைக் கழற்றிச் சோதித்து மாட்டினார், வரிசையை மாற்றி மூன்றாம் முறை கேட்டார்கள். அழுத்திவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். வரிசை மாற்றி மூன்றுமுறை கேட்டும் ஒரே விடை எழுதும் பிள்ளை ஊகித்து எழுதவில்லை என்று எந்த ஆசிரியரும் சொல்வார்.

ஏன் என்று சொல்வதற்கு அதில் பெட்டி இல்லை. மாடிப்படியை நினைத்தாளோ, என் முதுகை நினைத்தாளோ, என் பேச்சை நினைத்தாளோ. மகளிடம் சொன்னேன். "இன்னொரு பெட்டி சேக்கட்டுமாப்பா?" என்றாள். கேட்டால் பதில் வந்துவிடும், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடு. நீ வரும்போது நான் இருக்கமாட்டேன், வீட்டுக்குப் போய் அவள் துணிகளை எடுத்துவைக்க வேண்டும். இதை ஆலோசகர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உன் வீட்டிலிருக்கும் கணினி எந்த வகை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுப் போ. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கட்டி முத்திரை வைக்க வேண்டும். இன்றைக்கே தொடங்கினால்தான் அவள் உன் வீட்டுக்கு வந்து சேரும் நாளில் பேசமுடியும்.